மெத்தையில் ஒரே குழி

அந்த வீட்டில் கட்டில் என்னவோ இரண்டு பேர் படுக்கிற கட்டில்தான். ஆனால் மெத்தையில் குழி ஒன்றுதான். சுவரோரமாக, ஆள் படுத்துப் படுத்து அமுங்கிப்போன ஒரே ஒரு குழி. மற்ற பாதி கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே மொழுமொழுவென்று கிடக்கும். அதன்மேல் மடித்த துணி, போன் சார்ஜர், பழைய பேப்பர் என்று எதையாவது போட்டு வைப்பார்கள்.

குழி இரண்டு பேருக்கும் பொது. ராத்திரி அதில் அவள் படுப்பாள், ஃபேன் காற்று அந்தப் பக்கம்தான் விழும் என்று. பகலில் அவள் கணவர் படுப்பார், ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் எட்டாது என்று. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். விடியுமுன் எழுந்தால்தான் முதல் பஸ் கிடைக்கும். அவர் பெயிண்ட் கம்பெனி கேட்டில் ராத்திரிக் காவல். காலையில் அவர் பூட்ஸைக் கழற்றுவார், அவள் செருப்பை மாட்டுவாள். "ஃபிளாஸ்க்குல டீ இருக்கு", "கேஸ்காரன் வருவான், கதவைத் திறங்க", "மக போன் பண்ணா, நல்லாருக்காளாம்." அவ்வளவுதான். சாயங்காலம் அதே வாசலில் அதே பேச்சு, ஆள் மட்டும் இடம் மாறி. கம்பெனியில் அவருக்குப் பேரே 'நைட்டு' என்று ஆகிவிட்டது. மேனேஜர் முதல் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் நைட்டுதான்.

இப்படியே ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, வேறு ஊருக்கு வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

மகள் படிப்பு முடிந்ததும் பகல் டியூட்டிக்கு மாறிவிடுகிறேன் என்று சொன்னவர் அவர்தான். அவள் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல. அதனால் அவளும் நச்சரிக்காமல் காத்திருந்தாள். கம்பெனி என்றால் இழுத்தடிக்கத்தான் செய்யும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

அப்படி இருக்கையில்தான், போன மாதம் காய்கறிக் கடையில் கம்பெனியின் பகல் காவலாளி அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணி, அண்ணன் செஞ்ச உதவிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். பகல் டியூட்டிய மொதல்ல அவருக்குத்தான் போட்டாங்க. எனக்கு வேணாம், நான் நைட்டே இருந்துக்கிறேன், அவனுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டாரு. இப்பத்தான் என் பிள்ளைங்க மொகத்தையே பாக்குறேன்."

"அப்படியா, சந்தோஷம்ப்பா," என்று சொல்லிவிட்டு அவள் தக்காளி பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி அழுகல்.

வேறு பெண் விவகாரமாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். பெயிண்ட் கம்பெனி கேட்டுக்கு ராத்திரியில் நாயைத் தவிர யார் வருகிறார்கள்? அப்படியானால் காரணம் வெளியில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. என்னோடு இருக்கத்தான் இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை. இந்த நினைப்பு வந்த பிறகு இஸ்திரிப் பெட்டி முன்னால் நிற்கிற நேரமெல்லாம் அவளுக்கு அதே வேலையாகிவிட்டது.

கேட்டுவிடலாம்தான். எங்கே கேட்பது? ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஒரு காலில் செருப்பு, அந்த நிலைப்படியில் நின்று கேட்கிற கேள்வியா அது? கேள்வி நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிப் போனது.

சலவைக்கூடத்தில் அவளோடு விரிப்பு மடிக்கிற தோழிதான் வழி சொன்னாள். பழைய அரண்மனைக்கு ஒரு சுற்றுலா பஸ் போகிறது. காலையில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவளுக்கு அரண்மனையைப் பற்றி அக்கறை இல்லை. ஒரு முழுப் பகல், பக்கத்துப் பக்கத்து இருக்கை, எழுந்து ஓட முடியாத வண்டி. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி டியூட்டிக்கு அவரை லீவும் போடச் சொன்னாள்.

முந்தின ராத்திரிக் காவல் முடிந்து அவர் கேட்டிலிருந்து நேராக வண்டிக்கு வந்தார். சட்டையை மட்டும் மாற்றியிருந்தார். அதே நீலப் பேன்ட், அதே பெல்ட், அதே பூட்ஸ்.

"வேற பேன்ட் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்ல?"

"மறந்துட்டேன்மா," என்று ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளுடைய திட்டப்படி வண்டி ஊரைத் தாண்டியதும் ஆற அமர ஆரம்பிக்க வேண்டும். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வழி நெடுக அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்பதால் அது புதிதாக இருந்தது.

அரண்மனை வாசலில் டிரைவர் எழுந்து நின்றார். "கூட்டிட்டுப் போய்க் காட்ட ஆள் கிடையாது. நீங்களேதான் சுத்திப் பாத்துக்கணும். நாலரைக்கு இதே எடம். வராதவங்களுக்காக வண்டி நிக்காது." அதோடு அவர் வேலை முடிந்தது. சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துவிட்டார்.

உள்ளே ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். காதில் வைத்து எண்ணை அழுத்தினால் ஒரு பெண்குரல் அந்தந்த அறையின் கதையைச் சொல்லும். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல கருவியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தர்பார் மண்டபத்தில் அவள் வாயைத் திறந்தாள். அவர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தலையாட்டினார். ஆயுத அறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஊர்பேர் தெரியாத ராஜாக்கள் சுவர் முழுக்கப் படமாகத் தொங்கினார்கள். ஒருத்தர் முகத்திலும் ராத்திரி கண் விழித்த களைப்பு இல்லை. கால் கடுக்க ஏறி இறங்கியதில் அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.

மதியம் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மரத்தில் சாய்ந்தபடி அவர் தூங்கியிருந்தார். வாயோரம் பன் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, ஒரு பாட்டம் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாடி. அங்கே ராஜாவின் படுக்கையறை ஒரு கோடியில், ராணியின் படுக்கையறை மறுகோடியில். நடுவில் நீளமாக ஒரு தாழ்வாரம். ராணியின் அறையில் நின்று அவள் எண்ணை அழுத்தினாள். ராஜாவும் ராணியும் தனித்தனி அறையில்தான் தூங்குவார்களாம். ராஜா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் முன்னால் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்களாம். ஒருவன் கதவருகே நின்று, ராஜா வருகிறார், ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவானாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம கதைதான் போலருக்கு, ஆனா நமக்கு அறை ஒண்ணு" என்று சொல்லத் திரும்பினால், பக்கத்தில் அவர் இல்லை.

வந்த வழியே, அம்புக்குறிக்கு எதிராக, எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்கத் தேடினாள். கடைசியில் ராஜாவின் படுக்கையறையில் இருந்தார். கட்டிலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உட்பக்கம், கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வலது பக்கமா போங்க சார். கயித்தத் தொடாதீங்கம்மா. பையன் கையப் பிடிச்சுக்குங்க."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "இங்க என்ன பண்றீங்க?"

"இங்க நின்னிருந்த ஆளு பாவம். காலையிலேர்ந்து மாத்து ஆள் வரலையாம். என் பூட்ஸப் பாத்துட்டு, நீங்களும் நம்ம தொழிலாண்ணேன்னு கேட்டான். ஆமான்னேன். ரெண்டு நிமிஷம் நில்லுங்க, பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துர்றேன்னான். இன்னும் காணோம்."

ஒரு நாள். ஒரே ஒரு நாள் கேட்டாள். அதையும் இந்த மனுஷன் டியூட்டியாக மாற்றிவிட்டார். இதுவரை மென்று முழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. சுற்றி ஆட்கள் நிற்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"பகல் டியூட்டி குடுத்தாங்கள்ல? ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

அவர் முகம் மாறியது. "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? என்கூட இருக்கப் பிடிக்கலையா? அதையாவது சொல்லிருங்க. தெரிஞ்சுக்கிறேன்."

"இரு, அவன் வந்துரட்டும்..."

"இப்பவே சொல்லுங்க."

அவர் வெளியே வரவில்லை. ஒப்புக்கொண்ட காவலை விட்டு வர அவருக்குத் தெரியாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். நடுவில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"பயமா இருந்துச்சு," என்றார் மெதுவாக. "வலது பக்கம் சார், வலது பக்கம்."

"என்ன பயம்?"

"எனக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியும். லீவு நாள்ல நீ தூங்குன பிறகு அடுக்களையில உக்காந்திருப்பேன். அங்கேர்ந்து பாத்தா நீ தெரிவ. ஒரு நாள் என்னமோ தோணுச்சு. மெத்தையில கெடந்த துணியெல்லாம் எடுத்துக் கீழ வச்சுட்டு, சத்தம் போடாம உன் பக்கத்துல வந்து படுத்தேன்." ஒரு குடும்பம் கட்டிலைப் படம் எடுக்க நின்றது. அவர்கள் நகரும் வரை காத்திருந்தார். "நீ திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்து, யாருன்னு கேட்ட."

அவள் கயிற்றுக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"நான்தான்னு சொன்னேன். மறுபடியும் யாருன்னு கேட்ட. பயந்துபோய்க் கேட்ட. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். நீ திரும்பப் படுத்துத் தூங்கிட்ட."

"எனக்கு ஞாபகமே இல்லீங்க."

"தெரியும். தூக்கக் கலக்கம். உன்மேல தப்பே இல்ல." அவர் கயிற்றைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. "அப்புறம் பகல் டியூட்டின்னு சொன்னாங்க. தெனம் ராத்திரி பக்கத்துல படுக்கணும். தெனம் நீ யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு எங்கே போய்ச் சண்டை போடுவது? சொந்தப் புருஷனை யார் என்று கேட்டிருக்கிறாள். கேட்டது தெரியாமல் தூங்கவும் செய்திருக்கிறாள். ராஜாவின் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆள் இரைக்க இரைக்க ஓடி வந்தான். "மன்னிச்சுக்குங்கண்ணே, அங்கயும் வரிசை." பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். வண்டிக்குப் போகிற வழியில் பெஞ்சு காலியாக இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது அவருக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டதே. ஊர் நெருங்கும்போது அவள்தான் பேசினாள்.

"அந்த ராஜாவுக்கு எதுக்குக் கட்டியம் கூறுறாங்கன்னு இப்பத்தான் புரியுது."

"எதுக்கு?"

"ராணி யாருன்னு கேட்டுரக் கூடாதுல்ல."

அவர் சிரித்தார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "அந்த டியூட்டி போயிருச்சும்மா. அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க. திருப்பிக் கேக்க முடியாது," என்றார்.

"கேக்க வேணாம். அடுத்து வந்தா?"

"வந்தா வாங்கிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும், கால் கழுவுவதற்கு முன்பே அவள் மெத்தைமேல் கிடந்ததையெல்லாம் வாரி நாற்காலியில் போட்டாள். "அந்தப் பக்கம் பிடிங்க." மெத்தையைத் தனியாளாகப் புரட்ட முடியாது, இத்தனை காலமும் அது புரளாமல் கிடந்ததற்கு அதுதான் காரணம். இரண்டு பேருமாகத் தூக்கிப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கம் சமமாக இருந்தது. தினமும் தோழியோடு செய்கிற மாதிரி, விரிப்பின் ஒரு முனையை அவரிடம் எறிந்தாள். அவருக்கு இழுத்துச் செருகத் தெரியவில்லை. கோணலாகவே விட்டுவிட்டார்கள்.

"நீங்க எந்தப் பக்கம்?"

அவர் சுவரோரத்தைக் காட்டினார். அவளும் அதையேதான் காட்டினாள். "சரி, நீயே படு. எனக்கு எப்படியும் தூக்கம் வராது," என்று அவர் வழக்கம்போல அடுக்களைக்குப் போய்விட்டார். அவளுக்கு ஒரே அலுப்பு. படுத்ததும் கண் சொருகியது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அறை வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"ராஜா வர்றாரு," என்றது ஒரு குரல். கூச்சத்தில் பாதி உள்ளேயே போய்விட்ட குரல்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. சுவரோடு சுவராக நகர்ந்து இடம் விட்டாள்.