ஏழு இருபது வண்டி

எங்கள் வீட்டில் யாரும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கூடலூரிலிருந்து தேனிக்கு ஓடிய மூன்று பஸ்கள் எங்களுடையவை. தாத்தா ஒரு பழைய வண்டியை வாங்கி, வாழைத்தாரையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றி ஆரம்பித்தது, அப்பா காலத்தில் மூன்றானது. நாங்கள் இருந்தது வழியில் உத்தமபாளையத்தில். அங்கே குளித்தாயா என்று கேட்க மாட்டார்கள். "ஆறு நாப்பது வண்டியே போயிருச்சு, இன்னுமா குளிக்கல?" என்பார்கள். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற குடும்பம்.

எங்கள் ஏழு இருபது வண்டிக்கு ஆறு நிமிடம் பின்னால் ஒரு பச்சை வண்டி வரும். அது வேறு முதலாளியுடையது. நாங்கள் ஒரு நிமிடம் தாமதித்தால் அவன் சண்டைக்கு வருவான். அவன் ஒரு நிமிடம் முந்தினால் அப்பா போவார். அதனால் எங்கள் வண்டி எங்களுக்காகக்கூட நிற்காது. ஏழு இருபது வண்டியை ஓட்டிய சித்தப்பா ஒருமுறை அம்மாவையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் பச்சை வண்டியில் கால் வைக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில், வருசநாட்டில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை திடீரென்று வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தாள். வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். அதுதான் அங்கே நாகரிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தலை பின்னும்போது அவள் மட்டும்தான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். அதற்காகவே அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிறகு அவள் மாமனார் வீட்டிலிருந்து நாலு பேர் வந்து பேசினார்கள். "இனிமே அப்படி நடக்காதுன்னு சொல்லிட்டாகல்ல, போய்ப் பொழைக்கிற வழியப் பாருத்தா" என்றார் அப்பா. மறுநாள் ஏழு இருபது வண்டியில் அவரே கொண்டுபோய் விடுவதாக முடிவானது. அத்தை பையில் துணிகளை அடுக்கினாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி தவறினால் நல்ல நேரம் தப்பும், பயணம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டேன். அப்பா தினமும் ஆறு மணிக்குச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தன் கைக்கடிகாரத்தைத் திருத்துவார். அதற்குள் எழுந்து, நாற்காலி மேல் ஏறி, முள்ளை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளினேன். இறங்கத் திரும்பினால் அத்தை நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அஞ்சு பத்தாதுடி. பத்தா வையி" என்றாள்.

அவளுக்கும் போக மனமில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடிகாரம் ஏழு பத்து காட்டியபோது ரோட்டில் ஹாரன் அடித்தது. எங்கள் வண்டியின் ஹாரன் கடைசியில் விக்கும். அது எனக்கே தெரியும். அப்பாவோ காதை விடக் கடிகாரத்தை நம்புகிறவர். கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "பாத்தியா அந்தப் பச்ச வண்டிக்காரன! நமக்கு முன்னால ஓட்டிட்டுப் போறான்!" என்று, வண்டிகள் எங்களுக்கு முன்னால் நின்று வரும் கம்பம் பஸ் ஸ்டாண்டைப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றினார்.

"முக்குப் பிள்ளையாருக்குச் சூடம் பொருத்திட்டு ஸ்டாப்புல நிக்கிறேண்ணே" என்று அத்தை பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது.

ஒருவழியாக லைன் கிடைத்ததும் அப்பா கத்திய கத்தலுக்கு, அங்கே வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பர் சொன்ன பதில் கூடத்தில் நின்ற எனக்கே கேட்டது. "ரெண்டு வண்டியும் டயத்துக்குத்தாண்ணே போச்சு. மணி இப்ப ஏழு இருவத்தெட்டு."

அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். ஸ்டாப்பில் யாரும் இல்லை. எதிரே பெட்டிக்கடைக்காரர்தான் சொன்னார். "ஒங்க தங்கச்சியாண்ணே? இப்பத்தான பச்ச வண்டியில ஏறுனாக."

அத்தை வருசநாட்டுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் திரும்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருப்பதாக ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "போனவ நம்ம வண்டியிலயாச்சும் போயிருக்கக் கூடாதா?" என்று அப்பா வெகுநாள் புலம்பினார். எனக்கும் அந்தக் கோபம்தான். என்னை விட்டுப் போனதோடு, எதிரி வண்டியில் வேறு போய்விட்டாளே என்று அழுதேன். கடிகாரத்தைத் திருப்பியதற்கு விழுந்த அடிகூட அவ்வளவு வலிக்கவில்லை.

எங்கள் வண்டிகளை விற்றாகிவிட்டது. பச்சை வண்டியும் கைமாறிவிட்டது. இரண்டு டயமும் இன்று ஒரே முதலாளியிடம். எனக்கு மட்டும் இன்னும் எந்தப் பயணத்துக்கும் அரை மணி முன்னால் போய் நின்றால்தான் மனம் ஆறும். அப்படி நிற்கும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு மூன்று நிமிட நடை. அப்பா தன் கடிகாரப்படி கடைசி நிமிடத்தில்தான் கிளம்புவார். கடிகாரம் ஐந்து நிமிடம் மட்டும் பிந்தியிருந்தால், ஏழு இருபத்தாறுக்குப் பச்சை வண்டி வரும்போது அப்பா அத்தையின் பக்கத்தில் நின்றிருப்பார். வண்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் அதை ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிட்டாள். நாற்காலி மேல் நின்ற நானோ, அவள் கூடுதலாகக் கேட்ட ஐந்து நிமிடமும் என்னோடு இருப்பதற்குத்தான் என்று நம்பி முள்ளைத் தள்ளினேன்.