இரண்டு ஆறுகள் சேரும் ஊரில் அண்ணன்

ஆக்லாந்தில் கல்லறைத் திருநாள் வசந்தத்தில் வருகிறது. மன்னாரில் அன்று மழை பிடித்திருக்கும். குடைக்குள் மெழுகுதிரியைப் பொத்திக்கொண்டு, எங்கள் ஆட்களைப் புதைத்த சேமக்காலைக்குப் போவோம். இங்கே, பாபடோயிட்டோயில், வெயில் எறிக்க அயலவர் சட்டையில்லாமல் புல் வெட்டுகிறார். இம்முறை அம்மா காலையிலேயே திரியோடு வாசலில் நின்றார். எங்கே போவது? எங்களுக்கென்று இங்கே ஒரு கல்லறையும் இல்லை. அண்ணன் கிடப்பது தெற்கு இத்தாலியில், கொசென்சாவில்.

அவர் அங்கே கட்டட வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு அந்த ஊர்ப் பைத்தியம். மனுகாவ் நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். சுற்றிவர மலை, கிராத்தி, புசெந்தோ என்று இரண்டு ஆறுகள் வந்து சேருமிடம், நிலநடுக்கங்களில் இடிந்து இடிந்து எழும்பிய ஊர், குன்றின்மேல் பழைய கோட்டை. தொலைபேசியில் அவரையே கேட்பேன்.

"கோட்டையைப் பார்த்தியா அண்ணை?"

"வேலைக்குப் போற வழியிலை தெரியுதடா. ஏறிப் பார்க்க ஆர் எனக்கு லீவு தாறது? நீ புத்தகத்திலை ஏறு."

பிறகொரு நாள் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். விசாச் சிக்கலில் எங்களால் போக முடியவில்லை. கூட இருந்த பெடியள் அங்கேயே அடக்கம் செய்தார்கள்; இப்போது அவர்களும் வேலை தேடி வடக்கே போய்விட்டார்கள்.

அம்மாவைத் தேற்ற நினைத்து, எனக்குப் பிடித்த கதையைச் சொன்னேன். ரோமைச் சூறையாடிய அரசன் ஒருவன் அந்த ஊரில் செத்துப்போனானாம். ஆற்றைத் திருப்பி, அதன் படுக்கையில் அவனைப் புதைத்து, மறுபடி தண்ணீரை விட்டார்களாம். இன்றுவரை கல்லறை அகப்படவில்லை.

"ராசாவுக்கே அந்தக் கதியெண்டால், என்ரை பிள்ளைக்கு ஆரடா திரி கொளுத்துவினம்?"

"அங்கையும் எங்களைப்போல வேதக்காரர்தான் அம்மா. நாளைக்கு ஊர் முழுக்கச் சேமக்காலையிலை நிக்கும்."

"ஏன் நாளைக்கு?"

"அங்கை இப்ப முதல்நாள் ராத்திரி."

அம்மா வாசற்படியில் இறங்கினார். "அப்ப வா."

பக்கத்துச் சேமக்காலையில், ஒருவரும் எட்டிப்பாராத, புல் மூடிய கல்லறையொன்றை அம்மா தேர்ந்தார். கையாலேயே புல்லைப் பிடுங்கினார். நான் காற்றுக்கு மறைப்பாக நின்றேன். பூங்கொத்தோடு அவ்வழியே வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, "ஃபேமிலி?" என்று அன்பாகக் கேட்டார். நான் விளக்க வாயெடுக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "மை சன்."

பெண்மணி கல்லைப் பார்த்தார். அதிலிருந்த வருடம் அம்மா பிறப்பதற்கும் முந்தியது. கொத்திலிருந்து ஒரு பூவை உருவி வைத்துவிட்டு நடந்தார்.

"அங்கையும் ஒரு தாய் இப்பிடிச் செய்வாள்தானே?"

"ஓம் அம்மா."

எங்கள் திரி எரிந்து முடிந்தது. கொசென்சாவில் அந்த நாள் இன்னும் விடியவேயில்லை.