பாண்டிச்சேரி எண் போட்ட சிவப்பு வண்டி

வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. அது ஊரில் எல்லோரும் செய்வதுதான். நான் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பேன், பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் சொன்ன பிறகும் நானே ஒருமுறை படிப்பேன், தி. நகரில் புடவை எடுத்தால் அதை வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆனால் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. மிக்ஸி முதல் மாப்பிள்ளை வரை நான் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னி, நிம்மதியாகத் தூங்குவாள்.

அண்ணா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார் என்றதும் மன்னி என்னைத்தான் கூப்பிட்டாள்.

அண்ணா கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு. அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் எனக்குப் பாதி இடம்தான் கிடைக்கும். இரண்டே பேர் உட்காரும், தரையோடு தரையாகப் போகும் சிவப்பு வண்டி ஒன்றின்மேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பெண்கள் இருவருக்கும் கல்யாணம் முடிந்த பிறகுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். சென்னையில் அப்படிப்பட்ட வண்டிக்கு விலை கேட்டால் தலை சுற்றும். பாண்டிச்சேரியில் பதிவான பழைய வண்டி என்றால் வரி மிச்சம், விலையும் கம்மி என்று தி. நகர் தரகர் ஒருவர் அவருக்கு வழி காட்டியிருந்தார். பெயர் மாற்ற அந்த ஊர் முகவரி வேண்டுமாம். மன்னியின் சித்தி அங்கே இருந்தாள். அண்ணா அவள் வீட்டில் குடியிருப்பதாகக் காட்டிவிடலாம் என்று ஏற்பாடு.

"இது தப்பில்லையா?" என்று கேட்டேன்.

"ஊர்ல பாதிப் பேர் இதைத்தான்டா பண்ணிண்டிருக்கா" என்றார். வாழ்நாளில் ஒரு மாணவனுக்கு அரை மார்க் கூடுதலாகப் போடாத மனிதர் அவர். அங்கேயே எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

பாண்டிச்சேரியில் வாட்ச்மேன் ஒருவர் திறந்துவிட்ட ஒரு வீட்டு ஷெட்டில் வண்டி நின்றது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. இத்தனை சென்ட் எந்த நாற்றத்தை மூடுவதற்கு என்று கூட வந்திருந்த தரகரிடமே கேட்டேன்.

"இன்னா சார் நீ, வாசன வந்தா கூடவா டவுட்டு? ஓனரு ஞாயித்துக்கெயம மட்டும் பீச் ரோட்ல ஒரு ரவுண்டு போவாரு. மத்த நாளெல்லாம் வண்டி போர்வய போத்திக்கினு தூங்கினு கீது."

ஓனர் எங்கே என்றேன். வெளியூராம். எந்த ஊர் என்றேன். அதற்குள் அண்ணா ஓட்டிப் பார்க்க வண்டியில் ஏறிவிட்டார். இரண்டே சீட்டு என்பதால் பக்கத்தில் தரகர் உட்கார்ந்துகொண்டார். நான் ஷெட் வாசலில் நின்றேன். திரும்பி வந்தபோது அண்ணாவின் முகம் சிவந்திருந்தது. "முடிச்சுடலாம்டா" என்றார். நான் டயரை உதைத்தேன், விளக்குகளைப் போட்டு அணைத்தேன், அடியில் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை. பிடி கிடைக்காததே எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலை நம்பி யாரை நிறுத்த முடியும்? வண்டி அண்ணாவுடையதாயிற்று.

பூஜைக்கென்று சித்தி தேங்காயும் எலுமிச்சம்பழமும் மாலையும் கொடுத்து அனுப்பினாள். எல்லைச் சோதனைச் சாவடியில் எங்களை ஓரங்கட்டினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வருகிற வண்டியில் பாட்டில் தேடுவது அங்கே தினசரி வேலை. பின்பக்கத்தைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர் அங்கே எஞ்சினைப் பார்த்துத் திகைத்தார்.

"எஞ்சின் பின்னாடின்னா, முன்னாடி என்ன வெச்சிருக்கீங்க?"

"பூஜை சாமான்" என்றார் அண்ணா.

நெற்றியில் விபூதியோடு இரண்டு கிழவர்கள், பளபளக்கும் சிவப்பு வண்டி, முன்பக்கத்தில் மாலை. போலீஸ்காரருக்கு ஒரு வார்த்தையிலும் நம்பிக்கை வரவில்லை. தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு என்னை இறங்கச் சொல்லி, நான் கால் வைத்திருந்த இடத்தில் ஒட்டியிருந்த விரிப்பைப் பிய்த்துத் தூக்கினார்.

"என்ன சார், மணல் கடத்துறீங்களா?" என்று சிரித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

அது மணல் இல்லை. மாவு போல நைசான, காய்ந்த சாம்பல் நிற வண்டல். வேளச்சேரியில் மழை வெள்ளம் வடிந்தபோது என் மாமனார் ஃபிளாட்டின் தரைத்தளத்திலிருந்து இதே வண்டலை நாங்கள் வாரிக் கொட்டியிருக்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கழுவி, மல்லிகை சென்ட் அடித்து, சென்னைக்காரனுக்கே விற்றிருக்கிறார்கள். தரகரைக் கூப்பிட ஃபோனை எடுத்தேன்.

"வேண்டாம், உள்ளே வை" என்றார் அண்ணா.

சொல்லிக்கொண்டே சீட் பெல்ட்டை இழுத்தார். அவர் உடம்புக்கு அது கடைசி வரை வந்தால்தான் மாட்ட முடியும். கறுப்பு நாடா வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசி ஒரு முழத்தில் நிறம் மாறி, தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு தெரிந்தது. அண்ணா அதைப் பார்க்காமலே மாட்டினார். பார்க்காமல் மாட்டியதுதான் என்னை உலுக்கியது.

"ஓட்டிப் பார்க்கறச்சேயும் பெல்ட் போட்டுண்டியா?"

"போட்டுண்டேன்."

"அப்போ உனக்குத் தெரியும்."

அவர் வண்டியைக் கிளப்பினார். சாலையில் ஏறியதும் சொன்னார்.

"தெரியும். சொன்னா நீ விட்டிருக்க மாட்டே. அடையாறு மனையை வேண்டாம்னே, ஊரே அங்க வீடு கட்டிண்டுது. மலையில பார்த்த வீட்டை வேண்டாம்னே. நீ சொன்னது சரியாக்கூட இருந்திருக்கலாம். ஆனா நான் ஒண்ணும் வாங்கலியேடா. இது ஓடற வரைக்கும் ஓடட்டும்."

தரகர், முகம் தெரியாத ஓனர், ஷெட் வாட்ச்மேன், ஏன், சித்தியைக்கூட நான் சந்தேகப்பட்டிருந்தேன். ஓட்டுகிற மனிதரை மட்டும் விட்டுவிட்டேன். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மயிலாப்பூர் வரை அவர் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, அடி உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் மன்னி காத்திருந்தாள். குருக்கள் மாலையைச் சாத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மன்னி வண்டியைப் பார்க்கவில்லை, இறங்கி நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

"நன்னா பார்த்தேளா? எல்லாம் சரியா இருக்கோன்னோ?"

அண்ணா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்திருந்தார். அறுபது வயது தாண்டிய அந்த முகத்தில், ரிசல்ட் பார்க்க வந்த பையனின் பயம் இருந்தது.

"பார்த்துட்டேன் மன்னி" என்றேன்.

அவளுக்கு அது போதும். சிரித்தபடி உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள். மன்னி ஒல்லி. அவள் பக்கத்து நாடா எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று நான் குனிந்து பார்த்தேன். கறுப்போடு நின்றுவிட்டது, பழுப்புக் கோடு வெளியே வரவில்லை. பழங்கள் நசுங்கின, வண்டி நகர்ந்தது.