தூங்கப் பழகிய மாதங்கள்

குரல்கள் நின்று இரண்டு மாதமாகியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார், மறுபடி வார்டில் சேர்ப்பார் என்று பயந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. செனாய் நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கூட வேலை செய்தவர்கள் என்னைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசுவதாக நம்பி, ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அழுதேன். மருத்துவமனையில் சைக்கோசிஸ் (நிஜத்தின் மீதுள்ள பிடி தளர்ந்து, இல்லாத குரல்கள் கேட்கும் நிலை) என்றார்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சைக்கு வந்துவிட்டதால் மூன்று வாரத்தில் வீடு திரும்பினேன்.

பிரச்சினை கட்டிலில் இருந்தது. குரல்கள் முதன்முதலில் கேட்டது அங்கேதான். தலையைச் சாய்த்தால் காது விழித்துக்கொள்ளும். விசிறிச் சத்தத்துக்குள் யாராவது பேசுகிறார்களா என்று கவனித்துக்கொண்டே கிடப்பேன். விடிந்தபின் உறங்கி மதியம் மூன்று மணிக்கு எழுவேன். உடம்பு தேறட்டும் என்று அம்மா திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவார்.

அடுத்த பரிசோதனைக்கு அப்பாவும் உள்ளே வந்தார். எல்லாம் நலம் என்று நான் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து எத்தன மணிக்குத் தூங்குனேன்னு டாக்டர்கிட்ட சொல்லுமா."

சொன்னேன். அழுகையும் வந்தது.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. கோபப்படவில்லை. தூக்கம் கெடுவதே நோயைத் திரும்பக் கொண்டுவரலாம், அதனால் அதற்கென்று தனியாகச் சிகிச்சை உண்டு என்று விளக்கினார். மாத்திரையைக் கூட்டாமல், அதைச் சாப்பிடும் நேரத்தை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தார். தூக்கக் குறிப்பேடு (படுத்த, எழுந்த நேரங்களை எழுதும் தாள்) ஒன்றைத் தந்தார். எப்போது தூங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், விடிந்ததும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், விழித்தபடி கட்டிலில் கிடக்கக் கூடாது.

அப்பா எங்கள் ஊரான தெப்ராவிலிருந்து செனாய்க்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். மறுநாள் ஆறு மணிக்கு அறை வாசலில் நின்றார்.

"தூங்கலன்னாலும் பரவால்ல. பஸ்ஸுல வந்து உக்காரு. யாருகிட்டயும் பேச வேணாம்."

அவர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது இருட்டாக இருக்கும். செனாய் நெருங்கும்போது கண்ணாடியில் வெயில் படும். முதல் வாரம் தலை பாரமாகவே இருந்தது. ஒருநாள் என் பழைய தொழிற்சாலைப் பெண் ஒருத்தி ஏறினாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டதாமே என்று எல்லோர் முன்னும் கேட்டாள். உடம்பு சரியில்லை, இப்போது தூங்கப் பழகுகிறேன் என்றேன்.

"எனக்கும் நைட் ஷிப்ட் முடிஞ்சா தூக்கமே வராது லா," என்றவள், ஐந்து நிமிடத்தில் ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்தபடி உறங்கிப்போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான்காம் வாரம் ஓர் இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் பேருந்தில் யாரோ என் பெயரைச் சொன்னது கேட்டது. திரும்பினேன், பின் இருக்கைகளில் எல்லோரும் உறக்கத்தில். ஆட்கள் இறங்கும்வரை காத்திருந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் காலிப் பேருந்தை நேராக மருத்துவமனைக்கு ஓட்டினார்.

களைத்த மூளைக்கு அப்படி ஒருமுறை கேட்கலாம், அதனால் மட்டும் நோய் திரும்பியதாகாது என்றார் மருத்துவர். ஆனாலும் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போன முறை இரண்டு மாதம் மறைத்தாய், இந்த முறை இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டாய் என்று சிரித்தார். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான்: தூங்கவில்லை என்பதை மறைக்காதீர்கள்.

அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. தூக்கம் சிறுகச் சிறுக வந்தது. சில வாரம் பின்வாங்கவும் செய்தது. இப்போது பகல் வேலை மட்டும் பார்க்கிறேன். மாத்திரை தொடர்கிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு மணி நேரத்தையும் நானே காவல் காத்தேன். இப்போது பத்தரைக்குக் கண் கனக்கிறது. இன்று காலை கதவைத் திறந்தால் சாலை முழுக்க ஈரம். இரவு பெருமழையாம். எனக்குத் தெரியவே தெரியாது.