எண்பத்தொன்பதை எழுபத்தொன்பது என்றேன்

போன வருடம் ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஒரு விளையாட்டுத் திடலில் இது நடந்தது. பலகை இருக்கைகளில் என்னையும் மனைவியையும் சேர்த்து இருபத்துமூன்று பேர் இருந்தோம். நொர்வேயில் பேஸ்போல் ஆட்டத்துக்கு அது நல்ல கூட்டம்.

எங்கள் மகன் இங்கேயே பிறந்தவன். முப்பத்தொரு வயது, பொறியியலாளர். கிரிக்கெட் ஆடுவான் என்று நான் நினைத்திருக்க, பல்கலைக்கழகத்தில் யாரோ கூட்டிப்போய் பேஸ்போலில் விழுத்திவிட்டார்கள். அவன் பந்து எறிபவன், அதிலும் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவன். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவனுடைய வலது தோளில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒரு ஆட்டத்தில் எண்பது பந்துக்கு மேல் எறியக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. வட நொர்வேயில் ஹம்மர்பெஸ்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் பெட்டிகளை எண்ணினேன். பிறகு ஒஸ்லோவில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் சரக்கு எண்ணினேன். இது தெரிந்துதான் அணியின் பயிற்சியாளர் கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி ஒன்றை என்னிடம் தந்திருந்தார். மகன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. ஒரு சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் என் பக்கம் திரும்புவார், நான் எண்ணிக்கையைச் சொல்வேன். என் மகனுடைய தோள் அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது.

அணியில் இன்னொரு எறிபவரும் இருந்தார். வயது நாற்பத்தேழு. தென்னமெரிக்காக்காரர். இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய் சம்பளத்துக்கு விளையாடியவர். பிறகு ஒரு நொர்வேஜியப் பெண்ணை மணந்து இங்கே வந்து, ஒரு பாலர் பாடசாலையில் வேலை பார்க்கிறார். தொடங்கியவர் களைத்துப்போனதும் நடுவில் உள்ளே வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த தொழில்.

அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தின் பெரும்பகுதி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் எழுந்து வருவார்.

"என்ரை பிள்ளை எழுபது எறியிறான். இவர் வந்து ஒன்பதை எறிஞ்சுபோட்டு எல்லாரிட்டையும் கைலாகு வாங்கிக்கொண்டு போறார்" என்று மனைவியிடம் சொல்வேன்.

"அவங்களே ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்கென்ன கரைச்சல்? கோப்பி ஆறுது, குடியுங்கோ" என்பாள்.

அன்று காலை காரில் வரும்போது மகன் சொன்னான்: "இந்தச் சம்மருக்கை ஒரு ஆட்டமாவது நானே முடிக்கோணும், அப்பா."

"தோள் என்ன மாதிரி, தம்பி?"

"ஸ்லாப் ஆவ், அப்பா. ஒண்டுமில்லை." பதறாதீர்கள் என்பதை அவன் எப்போதும் நொர்வேஜிய மொழியில்தான் சொல்வான்.

எங்கள் பிரிவில் ஆட்டம் ஏழு சுற்று. ஆறு சுற்று முடிய நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் நின்றோம். என் கருவி எழுபத்தொன்று காட்டியது. பயிற்சியாளர் திரும்பினார். அந்தக் கணத்தில் மகன் காலையில் சொன்னது காதில் கேட்டது. விதை கொறிக்கும் அந்த மனிதரின் முகமும் கண்ணில் பட்டது. "அறுபத்தொன்று" என்றேன்.

அத்தனை வருட வேலையில் ஒரு பெட்டியைக்கூட நான் குறைத்துச் சொன்னதில்லை. பெற்ற மகனுடைய தோளில் பத்துப் பந்தைக் குறைத்தேன்.

கடைசிச் சுற்றில் எதிரணியில் மூன்று பேரை வெளியேற்றினால் ஆட்டம் எங்களுக்கு. முதலாவது ஆள் மூன்று பந்தில் வெளியேறினான். நிம்மதியாக இருந்தது. அடுத்தவனுக்கு ஏழு பந்து போய், அவன் முதல் பேசில், ஓடுபவர்கள் தங்கும் முதல் மூலையில், நின்றான். அதற்கடுத்தவன் இரண்டாவது பந்தை அடித்துவிட்டு ஓடினான். நான்காமவனுக்கு எறிந்தவற்றில் நான்கு சரியான இடத்துக்குப் போகவில்லை. ஆறாவது பந்தோடு அவனும் பேசுக்குப் போக, மூன்று பேசிலும் மூன்று பேர். ஒருவன் சுற்றி ஓடி வீட்டுப் பேசுக்கு வந்தால் சமன், இரண்டு பேர் வந்தால் தோல்வி. மகன் இடது கையால் வலது தோளைப் பிடித்து அமத்தினான்.

கருவியில் எண்பத்தொன்பது. பயிற்சியாளர் கையால் கேட்டார். ஏழு விரலும் பிறகு ஒன்பது விரலும் காட்டினேன். பொய்யை நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. இன்னும் ஒரு பந்து எறியலாம் என்று அவர் நினைத்திருப்பார். எழுந்து கத்த வேண்டும் என்று தோன்றியது. மனைவி என் கையைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். "என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் வேலிக்குப் பின்னால் பந்து கையுறையில் படும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் அங்கே வியர்த்து நனைந்து எறிந்துகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கையை நிறுத்தி, பயிற்சியாளரிடம் வந்து ஏதோ இரண்டு சொல் சொன்னார். பயிற்சியாளர் நடுவரிடம் போனார். மகன் தலையைக் குனிந்துகொண்டு பந்தை அவர் கையில் கொடுத்தான். அவர் இவனுடைய இடது தோளைத் தட்டிவிட்டுத் தனியாக நின்றார்.

அதன்பின் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தொப்பை வைத்த, முழங்கால் வலிக்கிற ஒரு மனிதர். மூன்று பக்கமும் எதிரிகள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். அவர் நிரப்பிய பேஸ்கள் அல்ல அவை. ஆனாலும் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பால் வாங்கக் கடைக்குப் போகிறவர் போல மூச்சை விட்டார். முதல் மூன்று பந்துகளுக்கும் அடிப்பவன் மட்டையை வீசினான். மட்டை போய்ச் சேரும்போது பந்து அங்கே இல்லை; அவன் வெளியேறினான். அடுத்தவன் இரண்டாவது பந்தை நிலத்தோடு உருட்டி அடித்தான். அவர் குனிந்து எடுத்து வீட்டுப் பேசில் நின்ற எங்கள் ஆளிடம் எறிந்தார்; ஓடிவந்தவனுக்கு முன்னே பந்து போய்ச் சேர்ந்தது, அவன் மூன்றாவதாக வெளியேறினான். ஐந்து பந்து. ஆட்டம் முடிந்துவிட்டது. இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் எழுந்து நின்றோம். மனைவி மட்டும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு இருந்தாள்.

வென்ற பந்தை அவர் என் மகன் கையில் வைத்தார். பிறகு முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். எங்கள் இருவருக்கும் இடையே இருந்தது முறிந்த நொர்வேஜிய மொழிதான்.

"என் கணக்கில் எண்பத்தொன்பது" என்றார்.

கருவியைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"பயிற்சியாளரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"பையனின் தோள் இறங்கிவிட்டது, என்னை உள்ளே விடு என்றேன். அவ்வளவுதான்."

அவர் ஏன் எண்ணினார் என்பது எனக்குப் புரியவில்லை. அது தொழில் பழக்கம் என்றார். முன்னால் எறிபவரின் பந்துகளை எண்ணிக்கொண்டே இருந்தால்தான் தான் எப்போது எழ வேண்டும் என்று தெரியுமாம். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில் பதினாறு வருடம் அப்படி எண்ணியிருக்கிறார். மேல் மட்டத்தில் ஆடக் கிடைத்தது இரண்டே தடவை, முதல் தடவை பதினொரு நாள். பயிற்சியாளர் வேலிப் பக்கத்துக்குத் தொலைபேசி அடித்ததும் எழுந்து எறிந்து கையைச் சூடாக்குவார். பல நாள் உள்ளே கூப்பிடாமலே ஆட்டம் முடிந்துவிடும், திரும்ப உட்காருவார். வேலிக்குப் பின்னால் எறிந்த அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் சேராது. அந்தக் கோடை முழுக்க நானும் அவற்றைச் சேர்த்திருக்கவில்லை.

"அப்படிப்பட்ட நாளில் நான் எத்தனை எறிந்தேன் என்று எனக்கு ஒருபோதும் தெரியாது" என்று சிரித்தார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அவர் உள்ளே வரும்போது பேசில் நிற்பவர்கள் ஓடி முடித்தால், அந்த ஓட்டங்கள் அவர் பெயரில் எழுதப்படாதாம். முன்னால் எறிந்தவரின் பெயரில்தான் விழுமாம். "அதனால் அந்த ஐந்து நிமிடமும் நான் காப்பாற்றுவது இன்னொருவனுடைய பெயரை."

திரும்பி வரும்போது காரில் எல்லாவற்றையும் மகனிடம் சொன்னேன். "ஏன் அப்பா?" என்று ஒரேயொரு தடவை கேட்டான். தோளில் வீக்கம் மட்டும்தான், கிழியவில்லை என்று வைத்தியர் சொல்ல நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. பயிற்சியாளரிடமும் நானே போய்ச் சொன்னேன். அந்த மனிதர் அதுவரை ஒருவரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

தன் பெயரில் ஒருபோதும் விழாத ஓட்டங்களைப் பதினாறு வருடம் தடுத்து நின்ற ஒருவர், அன்று என் மகனின் தோளையும் என் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டு, விதைக் கோதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனதை நினைக்கும்போதெல்லாம், என் எழுபத்துமூன்று வயதிலும் ஒரு மனிதரைப் பார்த்து இப்படி வியக்க முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.