பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒளிந்து நின்ற அண்ணன்

டில்லி அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை திருமழிசைக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே... ஹார்ட் அட்டாக். தூங்குகிறார் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இன்று முத்தாபுதுப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவர் மனைவி கஸ்தூரி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான்.

நண்பர்கள் பலருக்குத் தெரியும், நாங்கள் சில பேர் ஞாயிறு காலைகளில் பருத்திப்பட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நாடகம் உருவாக்குகிறோம். டைரக்டர் கிடையாது, ஸ்கிரிப்ட் கிடையாது. இரண்டு பேர் எழுந்து மனதில் வந்ததைப் பேசி நடிப்போம், போனில் ரெக்கார்ட் செய்வோம். பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, சண்டை போட்டு, அதை எழுதுவோம்.

டில்லி அண்ணன் எங்களிடம் வந்ததே ஒரு சண்டையை விலக்கத்தான்!

நானும் எங்கள் குழுவில் இருக்கும் பிரவீனும் கணவன் மனைவியாகக் கத்திக்கொண்டிருந்தோம். தெருவில் போனவர் காதில் விழுந்து, படியேறி ஓடி வந்து பிரவீன் சட்டையைப் பிடித்துவிட்டார். "இன்னாபா, பொம்பளப் புள்ளையாண்ட கை ஓங்கற?"

நாடகம் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "டிராமான்னா பேப்பர் எங்க?" என்றார். பேப்பர் இல்லை அண்ணா, பேசிப் பேசித்தான் எழுதுவோம் என்றேன்.

பிரவீன் சட்டையை விட்டார். "அப்ப அந்தப் பொண்ணு அப்டி பேசிருக்கக் கூடாது. நான் சொல்லட்டா?"

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறிலிருந்து எங்கள் ஆள்.

ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்த காட்சி இது... வருடங்கள் கழித்துச் சந்திக்கும் அண்ணனும் தங்கையும். அவர் அண்ணன், நான் தங்கை. வேறு எதுவும் பேசி வைக்கவில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

"நீ ஊட்ட உட்டுப் போயி ரெண்டு மாசம் தேடனேன்மா. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டேன். உன் புருசனோட நின்னுகினு இருந்த. கையில ஸ்டவ்வு. புதுசு... பேப்பர் சுத்தி வச்சிருந்த."

நான் சமாளித்துக்கொண்டு கேட்டேன். "ஏன்ணே என்னைக் கூப்பிடல?"

"தூணாண்ட ஒளிஞ்சிக்கினேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

அது அவர் சொந்தக் கதை என்றே எல்லாரும் நினைத்தோம். யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

அதை எழுத உட்கார்ந்தபோது, அண்ணன் கடைசியில் ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொள்ளட்டும் என்றோம். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வர மாட்டாம்பா. தூணாண்ட நிக்கறத அவ புருசன் பாத்துட்டான். அவன் பாத்தது இவனுக்கும் தெரியும். அப்புறம் எப்டி வருவான்?"

எங்களுக்கு அது குழப்பமாக இருந்தது. நடிக்க ஆளும் இல்லை. கணவன் பாத்திரத்தையே வெட்டிவிட்டோம். டில்லி அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அந்த நாடகத்தைப் போட்டோம். பார்த்த ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா கீதும்மா," என்றார்.

வீட்டில் இருப்பவர்களை அவர் ஒரு தடவைகூட அழைத்து வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெண்ட்ஸைப் பார்க்கப் போகிறார் என்றுதான் வீட்டில் தெரியுமாம். நாடகம் என்பதே தெரியாது.

இன்று உடலை எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. யாருக்காகவோ காத்திருந்தார்கள். மனசு கேட்காமல் கஸ்தூரி அக்காவிடம், "அண்ணனோட தங்கச்சிக்குச் சொல்லியாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா தங்கச்சி? அவரு ஒத்தப் புள்ளம்மா."

ஒன்றுமில்லைக்கா என்று பின்வாங்கினேன். அவர் விடவில்லை. உள்ளே அழைத்துப் போய், "இன்னா சொன்னாரு உன்னாண்ட?" என்றார். முழுக்கச் சொன்னேன்... நாடகம், பஸ் ஸ்டாண்ட், தூண், ஸ்டவ், நாங்கள் வெட்டிவிட்ட அந்தக் கணவன்.

அக்கா தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்டவ்வு தூக்கிக்கினு நின்னது நானும்மா. எங்கூட்ல சொல்லாம இவரோட வந்துட்டேன்ல... அப்ப வாங்கனது."

அக்காவின் அண்ணன் கடைசி வரை அக்காவிடம் பேசவே இல்லையாம். கொரோனாவில் இறந்துவிட்டார்.

"என்னத் தேடவே இல்லன்னுதான் இம்மா வருசமா நெனச்சிக்கினு கீறேன். அவன் வந்தானா? இவரு பாத்தாரா? பாத்துட்டா எங்கிட்ட சொல்லாம இருந்தாரு?"

அக்கா என் கையைப் பிடித்தார்.

"நெசமா நடந்துச்சா, இல்ல டிராமாவுக்கு இவரா கட்டனதாம்மா?"

"தெரியலக்கா..."

நிஜமாகவே தெரியவில்லை. எங்கள் மாடியில் நிஜத்தையும் கற்பனையையும் கலந்துதான் எல்லாரும் பேசுவோம். பிரித்துக் கேட்பதில்லை. இப்போது கேட்க வேண்டிய இரண்டு பேருமே இல்லை.

பறை சத்தம் கிட்டத்தில் வந்துவிட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோபமா, அழுகையா, எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு அந்த டிராமாவ ஒருவாட்டி போட்டுக் காட்றீங்களா?"

சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எப்படிப் போடுவது, தூணுக்கு யார் எந்தப் பக்கம் நிற்பது, நாங்கள் வெட்டிய கணவனாக யார் வருவது... ஒன்றும் புரியவில்லை, டில்லி அண்ணா.

நிம்மதியாகப் போய் வாருங்கள்.