முதல்ல கம்பி, அப்புறம் பெட்டி

எந்தப் பெட்டியானாலும் தைரியராஜ் முதலில் அதன் முதுகைத்தான் தொடுவார். மிக்ஸி, மின்விசிறி ரெகுலேட்டர், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், எதுவும் தப்பாது. ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா, செருகும் துளை ஆடுகிறதா, திருகாணித் தலைகளை எத்தனை பேர் ஏற்கெனவே சிதைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் விரல்நுனியால் படித்த பிறகே முன்பக்கம் வருவார். "முகம் பொய் சொல்லும் சார். முதுகுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது" என்பார்.

வயது நாற்பத்தாறு. தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். நூற்று எண்பது உள் எண்கள் தலைக்குள் இருக்கின்றன. எந்த டாக்டர் பொறுமையில்லாமல் பேனாவைத் தட்டுகிறார், எந்த நர்ஸ் அழுதுவிட்டுப் பேசுகிறார் என்று 'ஹலோ' என்ற ஒரு சொல்லில் கண்டுபிடித்துவிடுவார். வீடு மன்னார்புரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். மனைவி லிசி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். மாலை நேரத்தில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பழைய ரேடியோ விற்பனை விளம்பரங்களை செல்போனில் பார்த்து உரக்கப் படிப்பார். "நூறு வாட்ஸ், ஸ்க்ராட்ச் கெடையாது, சிங்கிள் ஓனர்னு போட்டிருக்கான்." "ஸ்க்ராட்ச் இருந்தா நல்லதுதான லிசி, பிடிக்க வசதியா இருக்கும்."

தைரியராஜ் பிறவியிலேயே பார்வையற்றவர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வையம்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நான்கு வயதுவரை ஆட்டுக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை அவர். தட்டம்மை வந்தது. சோற்றில் கீரை இல்லாத வீடு. அக்கம்பக்கத்தார் வேப்பிலை கட்டினார்கள், சொந்தக்காரர்கள் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு பதினொரு நாள் காத்திருந்தன. எட்டு கிலோமீட்டரில் அரசு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சில பைசா விலையுள்ள வைட்டமின் மருந்தும் இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கருவிழி வெந்துபோயிருந்தது. இன்றைக்கும் தெருவில் ஒருவர் மாற்றி ஒருவர் "முற்பிறவி வினை" என்று அவர் காதுபடச் சொல்கிறார்கள். முற்பிறவி எதற்கு? குற்றவாளிகள் எல்லோரும் இந்தப் பிறவியில், அந்த ஊரில், அந்தப் பதினொரு நாளில் இருந்தார்கள்.

அவருக்கு அமெச்சூர் ரேடியோவில் பைத்தியம். செல்போன் கோபுரமும் இணையமும் இல்லாமல், தன் வீட்டுப் பெட்டியிலிருந்து குரலைக் கம்பி வழியே வானத்துக்கு அனுப்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசும் கலை அது. அதற்கு மின்னியலும் விதிமுறைகளும் படித்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் அரசு உரிமமும், வானலையில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் அழைப்புக்குறியும் தரும். லிசி வாசிக்க வாசிக்கக் கேட்டுப் படித்து, ஒருவரை எழுத வைத்துத் தேறினார் தைரியராஜ். உரிமம் வந்து பதினான்கு மாதமாகிறது. பேசுவதற்குத்தான் பெட்டி இல்லை. விடிந்ததும் ஒரு சின்ன ரிசீவரைக் காதில் வைத்து, நாடு முழுவதிலிருந்தும் பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் சொல்லத் தெரியும், சொல்ல முடியாது.

"அதுல என்ன சுகம்?" என்று, நண்பன் என்ற உரிமையில், ஒருமுறை கேட்டேன்.

"ரேடியோவுல யாரும் யாரையும் பாக்க முடியாது சார். அங்க எல்லாரும் குருடன்தான். சிக்னல் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. கண்ணு எப்படிப் போச்சுன்னு கேக்க மாட்டாங்க."

கையில் முப்பதாயிரம். மூன்று வருட போனஸ். சீனக் கைக்கருவி மலிவாகக் கிடைக்கும், பொத்தானை அழுத்தினால் அலைவரிசை எண்ணை வாய்விட்டும் சொல்லும். ஆனால் அதன் குரல் உறையூரைத் தாண்டினாலே பெரிது. தைரியராஜுக்கு வேண்டியது அஸ்ஸாம்வரை போகும் பெட்டி. அதற்குக் கனத்த மின்வழங்கி வேண்டும், மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பி வேண்டும், நல்ல கேபிள் வேண்டும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இருக்கும் பணம் முழுவதையும் பெட்டியில் கொட்டிவிட்டு, ஆன்டெனாவுக்குத் துணிக்கொடிக் கம்பியைத் தேடுகிறார்கள். "முதல்ல கம்பி, அப்புறம் பெட்டி" என்பது தைரியராஜின் வேதம். கம்பிக்கும் கேபிளுக்கும் மின்வழங்கிக்குமாகப் பத்தாயிரத்தைத் தனியாக எடுத்து லிசியின் தையல் மெஷின் டிராயரில் வைத்துவிட்டார். மாடியில் கம்பி கட்ட வீட்டுக்காரர் நசுருதீன் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார்: "துணி காயப்போட எடம் விட்ருங்க, அது போதும்." ஆகவே பெட்டிக்கு இருபதாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கம்பி இல்லை. கம்பி இல்லாத பெட்டி, நாக்கறுத்த வாய்.

நடுவில் ஒரு சேவைச் சங்கம் அவரைத் தேடி வந்தது. இலவசமாகவே பெட்டி தருகிறோம், விழாவுக்கு வந்தால் போதும் என்றார்கள். மேடை ஏறுவதற்கு முன்பே பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போனார் தைரியராஜ். நானும் உடன் போனேன்.

"இருக்கறதுலயே லேட்டஸ்ட். பட்டனே கெடையாது. சும்மா தொட்டாப் போதும்" என்றார் செயலாளர்.

தைரியராஜ் வழக்கம்போல முதுகைத் தொட்டார், பிறகு முன்பக்கம் வந்தார். விரல் ஒரே வழவழப்பான கண்ணாடியில் இடமும் வலமும் வழுக்கியது. "எதைத் தொடணும்?" என்றார்.

பின்னால் 'விழியிழந்தோர்க்கு ஒளி' என்று பேனர் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய படமும் அதில் இருப்பதை நான் அவர் காதில் சொன்னேன். குமிழ் வைத்த பழைய பெட்டி எதுவானாலும் போதும், விலை இதில் பாதிதான் ஆகும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பழைய பெட்டி போட்டோவில் எடுபடாதாம். வேண்டாம் என்று எழுந்துவிட்டார். வாசல் தாண்டுவதற்குள், "குடுக்கறத வாங்கிக்காம ரோஷத்தப் பாரு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கொடுப்பவனின் புகைப்படத்துக்குச் சட்டமாக இருப்பதுதான் வாங்குபவனின் வேலை என்று நினைக்கும் நாட்டில், ரோஷத்தைவிட மலிவான பொருள் வேறு என்ன இருக்கிறது?

அப்புறம்தான் லிசியின் விளம்பரத் தேடலில் ஸ்ரீரங்கத்துப் பெட்டி அகப்பட்டது. உத்தர வீதியில் ராஜகோபாலன் என்பவர் நாற்பது வருடம் வீட்டிலேயே வைத்திருந்த அமெச்சூர் ரேடியோ நிலையத்துப் பெட்டி. அவர் காலமாகிவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மதுசூதன் சாமான்களை விற்கிறார். விலை இருபத்தெட்டாயிரம். "போய்த் தொட்டுட்டாவது வருவோம்" என்றார் தைரியராஜ்.

ராஜகோபுரம் நிறுத்தத்தில் நானும் தைரியராஜும் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். நான் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள், கோயிலுக்கு வந்த ஒரு பெரியவர் தைரியராஜின் கையில் ஐந்து ரூபாய் நாணயத்தை அழுத்திவிட்டு நகர்ந்தார்.

"ஐயா, நில்லுங்க. டிக்கெட் எங்க வரைக்கும்?" என்று கேட்டார் தைரியராஜ். பெரியவருக்குப் புரியவில்லை. "காசு குடுத்தீங்களே. நான் கண்டக்டர் இல்லீங்க" என்று சிரித்தபடியே நாணயத்தைத் திருப்பி நீட்டினார். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

கதவைத் திறந்த மதுசூதன் என்னைப் பார்த்து, "வாங்கோ சார். படி இருக்குன்னு அவர்ட்ட சொல்லிடுங்கோ" என்றார்.

"சொல்லிட்டீங்களே தம்பி. கேட்டுருச்சு" என்றார் தைரியராஜ்.

கூடத்தின் ஓரத்தில் ராஜகோபாலனின் மேசை அப்படியே இருந்தது. சுவர் நிறைய, பேசிய நிலையங்களிலிருந்து வந்த அட்டைகள். அவற்றுக்குப் பதில் அனுப்பும்போது குத்துவதற்கான ரப்பர் முத்திரை, மைப்பெட்டி. துண்டு போர்த்திய பெட்டி.

"அவருக்கு லைசென்ஸ் இருக்கோன்னோ?" மறுபடியும் என்னிடம்தான்.

"சார்கிட்ட லைசென்ஸ் கெடையாது. எங்கிட்டதான் இருக்கு. எங்கிட்டயே கேக்கலாம்."

மதுசூதன் சங்கடத்தோடு சுவிட்சைப் போட்டார். காலை நேரத்து இரைச்சல் பொங்கி வந்தது. தைரியராஜ் முதுகில் தொடங்கினார். செருகுதுளை உறுதி. திருகாணிகளில் வேற்றுக் கை படவில்லை. முன்பக்கம் வந்து பெரிய குமிழின் குழியில் ஆள்காட்டி விரலை வைத்துச் சுற்றினார். ஒரு சுற்றுக்குப் பத்து கிலோஹெர்ட்ஸ். எண்ணிக்கொண்டே போய், தான் தினமும் கேட்கும் அலைவரிசை வரும் ஒன்பதாவது சுற்றில் நிறுத்தினார். தூரத்தில் யாரோ இந்தியில் மழையைப் பற்றிப் பேசினார். அந்தக் குரலைக் கேட்ட முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். எண்கள் ஒளிர வேண்டிய கண்ணாடி இருண்டு கிடந்தது. நான் கவனித்ததை மதுசூதனும் கவனித்தார். கண்ணைச் சுருக்கி, தலையை லேசாக ஆட்டி, 'விடுங்கோ' என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. அழுகல் தக்காளியைப் பார்வையற்றவர் பையில் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துக் கடைக்காரர் சிரிப்பது அதுதான். நீயும் நானும் பார்க்கிறோம், அவன் பார்க்கவில்லை, ஆகவே நாம் ஒரு சாதி என்கிற சிரிப்பு. படித்தவர், நல்ல சம்பளக்காரர், நெற்றியில் திருமண் இட்டவர். இத்தனையும் ஒரு இருண்ட கண்ணாடி முன் உதிர்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தைரியராஜின் விரல் அந்தக் கண்ணாடிமேல் போய் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரமா ஆன்ல இருக்கு தம்பி?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"இந்த மாடலுக்கு உள்ள குண்டு பல்பு. இந்நேரம் வெதுவெதுன்னு இருக்கணும். இது மண்பானை மாதிரி ஜில்லுன்னு இருக்கு."

மதுசூதன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அட்டைகளைப் பார்த்தேன். "டிஸ்ப்ளே போயிடுத்து" என்றார் கடைசியில். "உங்களுக்கு அது தேவைப்படாதேன்னு நெனைச்சேன்."

"தேவைப்படாதுதான். அப்புறம் அதுக்கு ஏன் எங்கிட்ட காசு கேக்குறீங்க?"

உள்ளேயிருந்து மதுசூதனின் அம்மா வைஜயந்தியின் குரல் வந்தது. "மது, அது எரியறதில்லேன்னு நீ மொதல்லயே சொல்லலியாடா?"

"கண்ணு தெரியிறவரு வந்து இந்தப் பெட்டியக் கேட்டிருந்தா என்னென்ன சொல்லியிருப்பீங்களோ, அதெல்லாம் சொல்லுங்க தம்பி" என்றார் தைரியராஜ். குரல் உயரவில்லை. மருத்துவமனையில் 'லைனில் இருங்க' என்று சொல்லும் அதே குரல்.

மதுசூதன் ஒவ்வொன்றாகச் சொன்னார். டிஸ்ப்ளே இல்லை. உள்ளிருக்கும் விசிறி சத்தம் போடும். மைக்கின் சுருள் ஒயரில் ஓரிடத்தில் ஒட்டு.

"அந்தக் கண்ணு தெரியிறவருக்கு என்ன வெலை சொல்லியிருப்பீங்க?"

"பதினெட்டு."

எனக்குக் கொதித்தது. பத்தாயிரத்தை விழுங்கப் பார்த்தவரிடம் இன்னும் இரண்டாயிரமாவது அடித்துக் குறைக்க வேண்டும் என்று தைரியராஜின் காதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "வேணாம் சார். அவருக்குப் பதினெட்டுன்னா எனக்கும் பதினெட்டு. எரக்கத்துக்குன்னு ஒரு வெல கேட்டா, நானே அந்த பேனர்ல போய் நின்ன மாதிரி."

பிறகு குமிழை இன்னொரு முறை சுற்றிவிட்டு, லிசிக்கு போன் போட்டு, "டிராயர்ல இருக்கிறதத் தொட வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மதுசூதன் விற்பனைக் கடிதம் எழுதினார். பெயர்கள், பெட்டியின் எண், தொகை, உரிம எண். தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு அப்பாவின் மைப்பெட்டியைத் திறந்து தைரியராஜின் பக்கம் நகர்த்திவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அவர் கட்டைவிரலைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுடுங்கோ சார்."

தைரியராஜின் விரல்கள் மேசைமேல் ஊர்ந்து போயின. மைப்பெட்டியின் தகர விளிம்பில் நின்றன. மூடியைத் தேடி எடுத்து, அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்து, அழுத்தி மூடி, வந்த திசையிலேயே தள்ளிவிட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இடது ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டவில்லை, மதுசூதன் பக்கம் நீட்டினார். "எங்க ஆரம்பிக்கணும்? வெச்சுக் காட்டுங்க தம்பி."

மதுசூதன் அந்த விரலைப் பிடித்துத் தாளில் வைக்க வேண்டியிருந்தது. அங்கே தைரியராஜ் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே தன் அழைப்புக்குறியின் ஒவ்வொரு எழுத்தையும், பின்பக்கத்தில் விரல் வைத்தாலும் படிக்கலாம் என்னும்படி அழுத்தி எழுதினார்.